பொச்சாப்பும் இம்சையே



தேனி மாவட்டம் உத்தமபாளையத்தில், கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதை நம்மவருள் பலர் கண்டு வணங்கியிருப்பர். அங்கே வட்டெழுத்தில் அச்சணந்தி முனிவரின் பெயரும் காணப்படுகின்றது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஆசிரியப் பணியின் பொருட்டுக் கம்பம் பள்ளத்தாக்கிற்குச் சென்ற நமக்கு, உறவினர் எவருமற்ற அப்பகுதியில் அக்குன்றே தாய்வீடாக விளங்கியது. அக்குன்றின் அடியில் நாம் செய்த பிழையொன்றை இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

1983ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவரை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். அவர்களுள் ஒருவன் நடையிலும் பேச்சிலும் பெண்மை உடையவன். கணக்கில் வகுப்பிற்கே முதல்வன். உடன் பயில்வோர் அவனை இழிசொல்லால் அழைத்து நகைத்தனர். உடன் வந்த ஆசிரியர் ஒருவரும் சிரித்தார். அவன் நம் முகத்தை நோக்கினான். நாமோ கல்வெட்டை ஆராய்பவர்போல் பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டோம். அடுத்த பருவத்தில் அவன் பள்ளிக்கு வரவில்லை. திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலைக்குச் செல்வதாகச் சொன்னார்கள். பின்னர் ஊரைவிட்டே போய்விட்டான் என்றார்கள். நாம் தேடிச் செல்லவில்லை. பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினோம். வருங்கால ஆசிரியர்களுக்கு அம்மாணவனைப் பற்றி ஒரு சொல்லும் கூறினோமில்லை.

‘சிரித்தவர் பிறர்தாமே, நாம் எவரையும் புண்படுத்தவில்லையே’ என்று நெடுங்காலம் நம்மையே தேற்றிக்கொண்டோம். அத்தேற்றம் அறநூலின்முன் நில்லாது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும் உமாசுவாமிகள், பிரமாதத்தோடு கூடிய மன மொழி மெய்களால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்கின்றார். பிரமாதத்தைத் தமிழில் பொச்சாப்பு எனலாம். திருக்குறளில் அதனைக் கடிந்து ஓர் அதிகாரமே உள்ளது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவழியாலும் வினை வந்து சேரும் என்பதும் நாம் அறிந்ததே. அன்று நாம் செய்யவில்லை, செய்விக்கவுமில்லை. ஆயினும் நம் வாய்மூடல் அப்பிள்ளைக்கு உடன்பாடாகத்தானே தோன்றியிருக்கும்?

‘இத்தகையோர் இயற்கைக்கு மாறானவர் அல்லரோ?’ எனச் சிலர் வினவக்கூடும். 10ஆம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் அருளிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டத்தை நோக்குவோம். அங்கு வேதம் எனப்படுவது மறைநூலன்று, பால்வேட்கை. உடலின் பால் நாமகருமத்தால் அமைவது. உள்ளத்தின் பால் மோகனீயத்தால் எழுவது. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒத்திருக்கும், சிற்சிலரிடத்து மாறியும் இருக்கும் என்று அந்நூல் கூறுகின்றது. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் ஆசாரியர் கண்டுரைத்த உண்மை இது. வேட்கை யாவும் முடிவில் கடக்கத்தக்கதே என்பது மெய்தான். ஆனால் மணம் முடித்து மக்களைப் பெற்ற நம் வேட்கையும் அதே மோகனீயத்தின் விளைவன்றோ? பிறர் வினையை மட்டும் இழிவென்று சுட்ட நமக்கு உரிமை ஏது?

‘குடும்பத்துக் குறையை மறைப்பதும் நற்காட்சியின் ஓர் அங்கமாயிற்றே’ என்பாரும் உளர். மறைக்கத்தக்கது குற்றம். பிறந்த பிள்ளை குற்றமன்று. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் இங்கு வேண்டுவன உவர்ப்பின்மையும் நிலைநிறுத்தலுமே. நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் தன்மேல் உமிழ்ந்தபோதும் அருவருப்பின்றித் தூய்மை செய்த உத்தாயண மன்னனை உவர்ப்பின்மைக்குச் சான்றாக நாம் போற்றுகின்றோம். பிணியைக் கண்டே முகம் சுளிக்கலாகாது எனில், பிணியே இல்லாத ஒருவரைக் கண்டு சுளிப்பது எங்ஙனம் தகும்?

அறியாமை இழிவன்று, அறிய மறுத்தலே இழிவு. இதற்கு நம் காலத்துச் சான்றொன்று உண்டு. ஒருவரையொருவர் விரும்பிய மதுரைப் பெண்கள் இருவர், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து, உயர்நீதிமன்றத்தில் பாதுகாப்பு வேண்டினர். வழக்கைக் கேட்ட நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், இப்பொருளைத் தாம் முழுமையாக உணர்ந்திலர் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். உளவியல் அறிஞர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து கேட்டறிந்தார். அதன்பின்னரே 2021 ஜூன் 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். இத்தகையோரை ‘மாற்றுகிறோம்’ என்று செய்யும் மருத்துவத்தை அவ்வாணை தடைசெய்தது. பள்ளிகளிலும் காவல்துறையிலும் விழிப்புணர்வு வேண்டுமென்றது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய மருத்துவத்தைத் தொழில் ஒழுங்கீனம் என அறிவித்தது. உயர் பதவியில் இருப்பவர் மாணவராக இசைந்தார் எனில், நமக்கு என்ன தயக்கம்?

சட்டம் தன் பங்கைச் சிறிது செய்துள்ளது. இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நலவாரியம் 2008இல் தமிழகத்தில் அமைந்தது. ஒருபாலார் உறவு குற்றமன்று என 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் எழும் கேலிச்சிரிப்பை எந்த நீதிமன்றம் வந்து தடுக்கும்? அதனை நாமே தடுத்தல் வேண்டும்.

சென்ற ஆண்டு உறவில் ஓர் இளம்பெண் நம்மிடம் வந்து, “பாட்டி, என்னால் ஓர் ஆணை மணக்க இயலாது. வீட்டில் சொன்னால் என்னை வெறுத்துவிடுவார்கள்” என்று அழுதாள். அன்று நாம் முகத்தைத் திருப்பவில்லை. அவள் பெற்றோரோடு நான்கு நாட்கள் அமர்ந்து பேசினோம். அவளை மந்திரிப்பவரிடம் அழைத்துச் செல்லும் எண்ணத்தைக் கைவிடச் செய்தோம். கட்டாய மணம் இரண்டு உயிர்களுக்கு இழைக்கும் இம்சை என்று எடுத்துரைத்தோம். தந்தை இன்னும் அவளோடு மிகுதியாகப் பேசுவதில்லை. எனினும் அவள் அவ்வீட்டில்தான் உண்கிறாள், உறங்குகிறாள்.

எண்ணிக்கையில் குறைந்தோராய் வாழ்வதன் துயரைத் தமிழ்ச் சமணராகிய நாம் நன்கு அறிவோம். ஆதலின் விருந்திலோ, ஆலய முற்றத்திலோ, வகுப்பறையிலோ இழிசொல் எழுமாயின், ‘இது தகாது’ என்ற ஒரு சொல்லையேனும் உரக்கச் சொல்லுங்கள். அன்று கம்பம் பள்ளத்தாக்கில் நாம் சொல்லத் தவறிய சொல் அதுவே. எங்கிருப்பினும் அம்மாணவன் நலமுற்றிருக்க அருகன் திருவடியை வேண்டுகின்றோம்.

அனைத்துயிரும் இன்புறுக! அறம் வளர்க!