வாசலுக்கு வராத கடன்

தேவதானத்திற்கு மேற்கே, சாஸ்தா கோயில் ஆற்றங்கரையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். உடனிருந்தவர் அவ்வூர் உழவர், என்னைவிட மூத்தவர். இந்த மலைத்தொடரில் வாழும் அரிய தவளை ஒன்றைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்கடியிலேயே அது கிடக்கும். மழைக்காலத்தில் சில நாள் மட்டும் வெளியே வந்து இனம் பெருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் கண்ட அந்த இனத்திற்கு, மறைந்த ஆராய்ச்சியாளர் பூபதியின் நினைவாக 2017இல் பெயரிட்டார்கள்.

"அழிஞ்சிடும்னு பயமிருந்தா, நாலைப் பிடிச்சுத் தொட்டியிலே வளர்த்தாப் போச்சு" என்றார் பெரியவர்.

அப்படி வளர்த்த கதை ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டில், கிஹான்சி அருவியின் சாரல் படும் சில ஏக்கர் நிலத்தில் மட்டும் ஒரு சின்னஞ்சிறு தேரை வாழ்ந்தது. 2000ஆம் ஆண்டில் மின்சாரத்திற்காக ஆற்றைத் திருப்பினார்கள். சாரல் நின்றது. அவ்வாண்டே 499 தேரைகளை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார்கள். அங்கே பெரும்பாலானவை மடிந்தன; எஞ்சியவை மெல்லப் பெருகின. தாய்மண்ணிலோ நோயும் தாக்கியது. 2009இல், இயற்கையில் அந்த இனம் அற்றுவிட்டது என்று அறிவித்தார்கள். 2012இல் வளர்ப்புத் தேரைகள் ஊர் திரும்பின. அவற்றின்மேல் அங்கே சாரல் தூவியவை, மனிதன் பதித்த குழாய்கள்!

இதைக் கருணை என்கிறோம். அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. ஒருவன் வீட்டைப் பறித்துக்கொண்டு அவன் பிள்ளைக்குச் சோறு போடுவது கருணையா? கருணையை நினைத்தபோது நிறுத்திவிடலாம். கடனை அப்படி நிறுத்த முடியுமா? குழாய் நின்றால் தேரையும் இல்லை.

அப்படியானால் மின்சாரம் வேண்டாமா? வேண்டும், ஏழையின் குடிசைக்கும் விளக்கு வேண்டும். இதோ, இந்த ஆற்றுக்கும் அணை கட்டியிருக்கிறோம். இங்கே விளைந்த சோற்றைத்தான் அன்று பகலில் அவர் வீட்டில் உண்டேன். அணை கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. வாங்கியது கடன் என்பதை மறக்கலாகாது என்றுதான் சொல்கிறேன். தொட்டி வீடாகாது. அது சத்திரம், வீட்டைச் செப்பனிடும்வரை தங்குமிடம்.

பெரியவர் நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "கடன் குடுத்தவன்னா வாசல்லே வந்து நிப்பான். தவளை எங்கேய்யா வந்து கேக்கப் போகுது?"

கேட்காது. அதனால்தான் அந்தக் கணக்கை நாமே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.