'இல்லை' என்னும் சான்று

லினக்ஸ் கெர்னலுக்கு மாட்யூல் எழுதிக் கம்பைல் செய்பவரை வழிதவற வைக்கும் பிழைச்செய்திகளில் பல, ஏதோ ஒன்று 'இல்லை' என்று சொல்பவை. கோப்பு இல்லை, சிம்பல் தெரியவில்லை என்று அவை சொல்ல, அந்தச் சொல்லை நம்பித் தேடப்போனவர் அரைநாளைத் தொலைக்கிறார். செய்தி பொய் சொன்னதா, படித்தவர் தவறாகக் கொண்டாரா என்ற கேள்வி கணினிக்கு மிக முந்தியது. காணாமையை வைத்து இன்மையை எப்போது முடிவு செய்யலாம் என்று இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்டிருக்கின்றன. அறியும் வழிகளை அளவை என்று சொல்லும் 'மணிமேகலை', சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் பத்து அளவைகளை எண்ணும்போது இன்மையாகிய அபாவத்தையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறது.

மீமாம்சகரான குமாரிலர் காணாமையைத் தனி அளவையாகவே ஏற்றார். அந்த மரபு அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தது: பொருள் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வெளிச்சமான அறையில் குடம் தென்படவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் தென்படவில்லை என்றால் அதிலிருந்து எதுவும் பெறப்படாது.

கம்பைல் தொடங்கும்போதே இந்த நிபந்தனை சோதனைக்கு வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல் அடைவில் உள்ள 'பில்ட்' என்ற பெயரின் வழியாகத்தான் மேக் கட்டளை ஹெடர் கோப்புகளை அடைகிறது. சில சமயம் அந்த இடமே இல்லை என்று அது நின்றுவிடும். ஃபெடோரா போன்ற விநியோகங்களில் அடைவைத் திறந்து பார்த்தால் பெயர் அங்கேயே இருக்கும். அது வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. சுட்டப்படும் ஹெடர் தொகுப்பு நிறுவப்படவில்லை. மேக் சொன்னது மெய். வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறதே, வீடு எப்படி இல்லாமல் போகும் என்று திகைப்பவர்தான் தடுமாறுகிறார்.

மாட்யூலை ஏற்றும்போது வரும் 'சிம்பல் தெரியவில்லை' இதைவிட நுட்பமானது. ஜிபிஎல் உரிமம் கொண்ட மாட்யூல்களுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட செயற்கூறுகள் கெர்னலில் உண்டு. வேறு உரிமம் அறிவித்த மாட்யூல் அவற்றைக் கேட்டால், தேடும் பகுதி அவற்றைத் தாண்டிச் சென்று, தெரியவில்லை என்று பதில் தருகிறது. கெர்னலின் சிம்பல் பட்டியலைப் பார்த்தால் அதே பெயர் கண்ணெதிரே நிற்கும். இங்கே இன்மை பொருளில் இல்லை, கேட்பவரின் தகுதியில் இருக்கிறது. கம்பைல் கட்டத்தில் இதே தவற்றைப் பிடிக்கும் மாட்போஸ்ட் காரணத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ஒரே கெர்னல் திட்டத்தின் இரண்டு வாய்கள், இரண்டு விதப் பேச்சு.

மாட்யூலை ஏற்றும் கட்டளையான இன்ஸ்மாட்டில் நிலைமை தலைகீழ். மாட்யூல் எந்தக் குறையுமின்றி இணைந்து, அதன் தொடக்கச் செயற்கூறு ஓடி, தனக்கு வேண்டிய வன்பொருள் விவரம் ஒன்று கிடைக்காமல் 'அப்படியொன்று இல்லை' என்பதற்கான பிழை எண் 2-ஐத் திருப்பியனுப்புகிறது என்று கொள்ளலாம். இன்ஸ்மாட் தன் அட்டவணையில் 2-க்கு நேரே எழுதியிருப்பதை அச்சிடும்: மாட்யூலில் தெரியாத சிம்பல். உண்மையில் எல்லாச் சிம்பலும் தெரிந்தவையே.

கிளிஞ்சலை வெள்ளி என்று கொண்ட பழைய எடுத்துக்காட்டு இங்கே அப்படியே பொருந்துகிறது. 'மணிமேகலை' இதைத் திரியக்கோடல் என்ற பொய்யறிவு வகையில் வைக்கிறது. பிரபாகர மீமாம்சகர் அப்படியொரு பொய்யறிவே கிடையாது என்பார். 'இது' என்ற காட்சியும் மெய், 'வெள்ளி' என்ற நினைவும் மெய், இரண்டும் வேறு என்று பிரித்தறியாததுதான் குறை. கெர்னல் தந்த எண் காட்சி, அட்டவணை வாசகம் நினைவு என்று எடுத்துக்கொண்டால் இன்ஸ்மாட்டுக்கு இதைவிடச் சரியான விளக்கம் கிடைப்பது அரிது.

நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. வெறும் பிரித்தறியாமை யாரையும் குனிந்து கிளிஞ்சலை எடுக்க வைக்காது. ஒன்றை இன்னொன்றாகவே கண்டால்தான் கை நீளும் என்பது அவர்கள் மறுப்பு. இல்லாத சிம்பலுக்காக ஹெடர் கோப்புகளைப் புரட்டும் நிரலாளர் அவர்கள் கட்சிக்குச் சாட்சி. இயந்திரத்தின் பிழைக்குப் பிரபாகரர் விளக்கமும் மனிதரின் பிழைக்கு நியாய விளக்கமும் பொருந்துகின்றன எனலாம். இரு மரபினரும் இந்தச் சமரசத்தை ஏற்றிருக்க மாட்டார்கள்.

முந்திய அறிவைத் தள்ளும் பிந்திய அறிவைப் பாதகம் என்பர். இங்கே அதைத் தருவது டிமெஸ்க் கட்டளை காட்டும் கெர்னலின் சொந்தப் பதிவு. இன்ஸ்மாட் 'மாட்யூல் வடிவம் செல்லாது' என்று மட்டும் சொல்ல, பதிவில் மாட்யூல் கட்டப்பட்ட கெர்னல் பதிப்பும் ஓடும் பதிப்பும் அருகருகே எழுதப்பட்டிருக்கும். கோப்பு சிதைந்ததோ என்ற ஐயம் அங்கே தீர்ந்துவிடும்.

அறிவு மெய்யா என்பதை அது தூண்டிய செயலின் பயனால் சோதிக்கலாம் என்பது நியாய மரபின் கருத்து: கண்டது நீரானால் தாகம் தீரும். அப்படியானால் மாட்யூல் ஏறிவிட்டதே போதுமான சான்றா? இடம்தந்து கட்டப்பட்ட கெர்னலில் பதிப்புச் சோதனையை மீறி மாட்யூலைக் கட்டாயமாக ஏற்ற முடியும். செய்தி நின்றுவிடும், பதிப்பு வேறுபாடு அப்படியே இருக்கும். அதனால் கெர்னல் தன் கறைக் குறிகளில் 'எஃப்' என்ற எழுத்தைச் சேர்த்துக்கொள்கிறது. மாட்யூலைக் கழற்றினாலும் அந்தக் குறி போகாது. கணினியை மறுபடி தொடங்கும்வரை இருக்கும்.