கண்டதும் எழுதியதும்

தெளிந்த சுண்ணாம்பு நீரினுள் மூச்சை ஊதினால் அது பால்நிறமாகும். வெளிமூச்சில் காபனீரொட்சைட்டு உண்டென்பதற்குக் கீழ்வகுப்பு மாணவர்க்குக் காட்டப்படும் சான்று இது. செலவற்ற பரிசோதனை. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டு இறுத்தெடுத்தால் போதும். குழாய்க்குப் பப்பாசிக் காம்பு உதவும். ஆய்வுகூடமற்ற கிராமப் பாடசாலையும் வறுமையைக் காரணங்காட்டி இதனைத் தவிர்க்க இயலாது.

ஆயினும் இதில் ஓர் இக்கட்டு உண்டு. ஏனையோர் நிறுத்திய பின்பும் ஊதிக்கொண்டேயிருக்கும் மாணவன் எந்த வகுப்பிலும் ஒருவன் இருப்பான். அவனது குழாயில் வெண்மை மெல்ல மெல்ல மறைந்து நீர் மீண்டும் தெளிந்துவிடும். அவன் கொப்பியில் எதனை எழுதுவது? ‘தெளிந்தது’ என்றா, ‘பால்நிறமாயிற்று’ என்றா?

பெரும்பாலும் இரண்டாவதையே எழுதுகிறான். புள்ளி அதற்குத்தான். முதலாவதை எழுதியவனுக்குச் சிவப்பு மை.

இரசாயனத்தைவிட அறத்தைச் சார்ந்த வினாவாகவே இதனை நாம் கொள்கிறோம். தமிழ் கற்பிக்கும் எமக்கு இங்கென்ன வேலை என்று கேட்கலாம். தன் கண் கண்டதை விடுத்து மேலிருப்பவர் எதிர்பார்ப்பதை எழுதும் பழக்கம் எந்தப் பாடத்தில் விதைக்கப்பட்டாலும், அதன் விளைச்சல் எமது கட்டுரைக் கொப்பிகளிலும் வந்து குவிகிறது.

அம்மாணவன் கண்டது பிழையன்று. முதலில் தோன்றிய வெண்மை நீரிற் கரையாத கல்சியங் காபனேற்று, சுண்ணக்கல்லும் அதுவே. மேலும் மேலும் காபனீரொட்சைட்டுச் சேர அது கரையக்கூடிய இருகாபனேற்றாக மாறிவிடுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் நெடுங்காலமாக நிகழ்வதும் இதுதான். மண்ணினூடே இறங்கும் மழைநீர் காபனீரொட்சைட்டைச் சுமந்து சென்று சுண்ணக்கல்லை அரிக்கிறது, குகைகள் உண்டாகின்றன, கூரை இடிந்தவிடத்து நிலாவரை போன்ற கிணறுகள் வாய்திறக்கின்றன. தான் பிறந்த மண்ணின் வரலாற்றையே அப்பிள்ளை ஒரு குழாயினுள் கண்டிருக்கிறான். அதைத்தான் நாம் சிவப்பு மையால் வெட்டுகிறோம்!

1785இல் கவெண்டிசு என்னும் ஆங்கில விஞ்ஞானி, காற்றிலுள்ள நைதரசனை மின்பொறியினால் ஒட்சிசனுடன் சேர்த்து அகற்றிப் பார்த்தார். எவ்வளவு முயன்றும் ஒரு சிறு குமிழி எஞ்சிற்று. நைதரசனின் 120இல் ஒரு பங்குக்கு மேற்படாத அளவு. அதனை அவர் மறைக்கவில்லை, எழுதிவைத்தார். நூற்றாண்டு கழிந்து 1894இல் இரேலியும் இராம்சேயும் ஆகன் என்னும் வாயுவைக் கண்டறிந்தபோதுதான் அக்குமிழியின் பொருள் விளங்கிற்று. எமது புள்ளித் திட்டத்தில் கவெண்டிசுக்கு என்ன கிடைத்திருக்குமோ!

கண்டதெல்லாம் உண்மையென்று நாம் வாதிடவில்லை. அழுக்கேறிய குழாய் பொய் சொல்லும். அவசரக் கண்ணும் பொய் சொல்லும். அதற்குப் பரிகாரம் மீண்டும் செய்துபார்ப்பது. நேரமெங்கே, பாடத்திட்டம் முடியவேண்டாமா, நாற்பது பிள்ளைகளும் நாற்பது விதமாக எழுதினால் என் செய்வது என்பர் ஆசிரிய நண்பர். அவரது இடர்ப்பாடு மெய்யானது. பரீட்சை அவர் வகுத்ததன்று. ஆனால் இழப்பு யாருக்கு என்பதையும் எண்ணவேண்டும். வசதி படைத்தவன் பிள்ளை வேறெங்காவது கேள்வி கேட்கப் பழகிக்கொள்வான். நாளை கொழுந்து நிறுக்கும் தராசின்முன் கூடையுடன் நிற்கப்போகும் பிள்ளைக்கு, முள் காட்டும் எண்ணைத் தானே வாசித்து ‘இது இவ்வளவு’ என்று சொல்லும் துணிவை ஊட்டக்கூடிய இடம் இவ்வகுப்பறை ஒன்றே.

மேலும், கேட்கப்படுவது அதிக நேரமுமன்று. தெளிந்துவிட்ட அந்நீரைச் சற்றுக் கொதிக்கவைத்தால் வெண்மை திரும்பவும் தோன்றும். ஒரு மதுசார விளக்கும் சில நிமிடங்களும் போதும். அன்று மாலை அப்பிள்ளை வீட்டுக் கேத்தலின் மூடியைத் திறந்து, அடியிற் படிந்திருக்கும் வெள்ளைப் படிவை நகத்தாற் சுரண்டிப் பார்ப்பான்.