ஏறுவதா, நிற்பதா?

பத்துமலையின் படிகள் 272. ஜொகூர் மாநிலத்துச் செடெனாக்கிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பேருந்தில் அமர்ந்து வருவோர்க்கு அந்த எண்ணிக்கை முன்னரே தெரியும். ஆயினும் அடிவாரத்தில் இறங்கி, 2006ஆம் ஆண்டில் திறப்பு விழாக் கண்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையின் அருகே நின்று அண்ணாந்து நோக்கும்போதுதான், ‘ஏறுவதா, கீழேயே நிற்பதா?’ என்னும் வினா மெய்யான வினாவாகிறது.

இதில் ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். முழங்கால் நன்றாயிருப்போர் ஏறட்டும், அல்லாதார் அமரட்டும். மருத்துவர் தீர்க்க வேண்டியதை அறநூலிடம் கொண்டு செல்வானேன் என்பர். நான் அவர்களோடு உடன்படவில்லை.

நம் செடெனாக் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். பேரன் நோயுற்றுக் கிடந்தபோது, அவன் பிழைத்தெழுந்தால் பால்குடம் சுமந்து படியேறுவதாக வேண்டிக்கொண்டார். பேரன் பிழைத்துவிட்டான். இப்போது பாட்டிக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது; படியேறினால் மூச்சிரைக்கிறது. மருத்துவர் எச்சரித்திருக்கிறார். மகளோ, “சாமிக்குத் தெரியாதாம்மா? நீ கீழேயே இரு” என்கிறாள்.

மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பழனிக்குச் செல்வோர் மலையுச்சியில் தண்டாயுதபாணியை வணங்குகின்றனர். ஆனால் திருமுருகாற்றுப்படை போற்றும் படைவீடாகிய திருவாவினன்குடி என வழங்குவது மலையடிவாரத்துக் கோயிலே. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் உச்சியில் ஒரு பிள்ளையார், அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், இடையே தாயுமானவர். கோயில் எடுத்தோர் எல்லார்க்கும் ஒரே வகைக் கால்கள் அமைந்திருப்பதாக எண்ணவில்லை போலும். உச்சியை அடையாதவன் இறைவனைக் காணாதவன் என்னும் கொள்கை நம் மரபில் வேரூன்றவில்லை.

ஆயினும் அம்மூதாட்டி வேண்டிக்கொண்டது காட்சிக்காகவா? அன்று. தம் உழைப்பைத் தருவதாகவே அவர் சொல் கொடுத்தார். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, பிறர் காட்டிய நிரையில் பிறர் குறித்த நேரத்தில் உழைத்துத் தேய்ந்த உடல் அது. வாழ்நாளில் அவர் எடுத்து வைத்த அடிகளுள், எந்தத் தண்டலும் ஏவாமல், எந்தக் கிராணியும் கணக்கெழுதாமல் தாமே விரும்பி வைக்க எண்ணியவை இந்த 272 மட்டுமாக இருக்கலாம். ‘வேண்டாம்’ என்று அன்போடு சொல்லும்போதும் எதனைப் பறிக்கிறோம் என்பதை மகள் உணர வேண்டாவா? நடக்க வல்லவர்க்கு, நடக்க இயலாதவரின் நேர்த்திக்கடனைத் தள்ளுபடி செய்வது மிக எளிது.

தமிழாசிரியர்கள் இவ்விடத்தில் திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரத்தை நினைவூட்டுவர். மரக்கொம்பின் நுனிவரை ஏறியவன் அதற்கு மேலும் ஊக்கம் கொண்டால் அது உயிருக்கே முடிவாகும் என்கிறார் வள்ளுவர். பாட்டியைத் தடுக்க இதைவிடப் பொருத்தமான சான்று ஏது? ஆனால் அவ்வதிகாரத்தின் முதற்குறளையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். செயலின் கடுமை, செய்வோனின் ஆற்றல், எதிர்ப்போனின் ஆற்றல் ஆகியவற்றோடு நான்காவதாகத் துணையாவாரின் ஆற்றலையும் எடை போடச் சொல்கிறார். போர் மேற்செல்லும் மன்னனுக்குச் சொன்னதாயினும் பாட்டிக்கும் அது பொருந்தும். தனியே ஏற முடியாத ஒருவர் துணையோடு ஏற முடியுமா என்பது வேறொரு கணக்கு. மகள் தடுப்பவளாக நின்றால் விடை ஒன்று. குடத்தின் பாரத்தைத் தாங்கி உடன் வருபவளாக நின்றால் விடை வேறு.

துணை மட்டும் போதாது. படிகளின் அமைப்பையும் பார்க்க வேண்டும். இத்தாலியின் பிளாரன்சு நகரப் பேராலயத்தின் குவிமாடம் 1436இல் நிறைவுற்றது. அதன் உச்சிக்கு 463 படிகள், மின்தூக்கி இல்லை. உள்ளோடு, வெளியோடு என்னும் இரு சுவர்களுக்கிடையே குறுகிய வழியில் வளைந்து ஏற வேண்டும். ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் படிகள் 551. மின்தூக்கியில் கூரைவரை செல்வோர்க்கும் 320 எஞ்சும். இத்தகைய இடங்களில் பாதி வழியில் மனம் மாறினால் திரும்புவது அரிது. ஒருவர் நின்றால் பின்னால் வருவோர் அனைவரும் நிற்க வேண்டியதாகும். அங்கே முடிவு அடிவாரத்திலேயே எடுக்கப்பட வேண்டும். அம்முடிவு ஏறுவோர்க்கு மட்டும் உரியதுமன்று.

பத்துமலை அவ்வாறன்று. 1920இல் மரத்தால் அமைந்து பின்னர்ச் சிமெண்டாக மாறிய இப்படிகள் திறந்த வெளியில் அகலமாக உள்ளன. இடையே நின்று மூச்சு வாங்கலாம், முடியாதெனின் இறங்கிவிடலாம். எனவே இங்கு ஒரே முடிவு என்பதில்லை. ஒவ்வொரு படியிலும் முடிவு செய்யலாம். தைப்பூச நாளில் மட்டும் நெரிசல் இப்படிகளையும் பிளாரன்சின் குறுவழியாக்கிவிடுகிறது. அன்று அம்மூதாட்டி ஏறக்கூடாது என்றே நானும் சொல்வேன். நெரிசலுக்கு அஞ்சித் தைப்பூசத்துக்கு முன்னரோ பின்னரோ பால்குடம் எடுப்போர் நம்மிடையே பலர் உளர்.

2024இல் நகரும் படிக்கட்டு அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. வழிபாட்டின் அருமை அதனால் குன்றும் என்னும் அச்சத்தை நான் ஏற்கவில்லை. பழனியில் 1966 முதல் இழுவை ரயிலும் 2004 முதல் கம்பிவட ஊர்தியும் ஓடுகின்றன. படிவழியே ஏறுவோர் அதனால் இல்லாமற் போய்விடவில்லை.

ஆகவே தைப்பூசம் கழிந்த ஒரு நாளில், வெயில் ஏறுமுன், பாட்டி முதற்படியில் கால் வைக்கட்டும். குடத்தில் பால் குறைவாக இருக்கட்டும். ஐம்பதாம் படியில் மூச்சு முட்டினால் அங்கேயே அமர்ந்து, ஏறுவதா இறங்குவதா என்று அவரே சொல்லட்டும். இறங்குவதாயின் குடத்தை மகள் மேலே கொண்டு செல்வாள். அவள் திரும்பி வரும்வரை பாட்டியின் கையைப் பிடித்தவாறு அருகில் அமர்ந்திருக்க வேண்டியவன், பிழைத்தெழுந்த அந்தப் பேரன்.