பில்டர் போட்டால் போதுமா?

இளைஞர்களே! சோப்பு நுரைக்காத கடினத் தண்ணிக்குக் காரணம், பாறையிலிருந்து கரைந்து வரும் கால்சியமும் மக்னீசியமும். அது இயற்கை. ஆற்றில் கழிவு சேர்வது மனிதன் செயல். அதற்கு யோங் பெங் வீட்டில் ஒரு பில்டர் போட்டால் போதுமா? நம் வீடு தப்பும், பக்கத்து வீடு?

2019 மார்ச்சில், நம்ம ஜொகூரிலேயே, பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். நச்சுவாயுவில் மாணவர்கள் மூச்சுத் திணறினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. எந்த பில்டர் காப்பாத்துச்சு?

கலச பூஜையில் கங்கையை, காவிரியை அழைக்கிறோம். அதே கையால் முறுக்கு சுட்ட எண்ணெயைக் கால்வாயில் ஊற்றலாமா? கால்வாய் ஆற்றில்தான் சேரும். ஆற்று நீர்தான் சுத்திகரிக்கப்பட்டு நம் பைப்பில் வருது.

நல்ல தண்ணி நம் உரிமை. கேட்கணும். ஆற்றைக் கெடுக்காமல் இருப்பது நம் கடமை. இரண்டும் சேர்ந்தால்தான் தர்மம்.