பழி யார் கணக்கில்?

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, நிலக்கோட்டை போகிற வழியில் எங்க ஊரு. தோட்டத்துல மோட்டார் வயர் காணாமப் போனாலும், தேங்காய் ரெண்டு குறைஞ்சாலும் முதலில் கூப்பிடுவது எங்க தெரு ஆளைத்தான். "செய்யாத குத்தத்துக்குப் பழி சொமக்குறோம்" என்று அப்பத்தா சொல்லும். சித்தப்பாவின் கையை ஒடித்தவனைப் பற்றிப் பேச்சு வந்தால் அதே அப்பத்தா, "அந்தப் பழி அவன விடாது" என்று சொல்லும். ஒன்று நம் தலையில் ஏற்றப்படுகிற பழி. மற்றது செய்தவன் தலையிலேயே நிற்கிற பழி. 'பழிவாங்கணும்' என்று அது ஒரு நாளும் சொன்னதில்லை.

பழி என்றால் நிந்தை, குற்றம், பாவம். குறளில் வரும் பழியும் பெரும்பாலும் அதுதான். 'வாங்கு' சேர்ந்தவுடன் வஞ்சம் தீர்ப்பது என்றாகிவிடுகிறது. கூலி வாங்குகிறோம், கடன் வாங்குகிறோம், அடியும் வாங்குகிறோம். எல்லாவற்றிலும் வாங்குவது என்றால் நம் கைக்கு வருவது. பழி மட்டும் எப்படி நம் கையிலிருந்து எதிராளிக்குப் போகிறது? எனக்குத் தோன்றுவது இது: அநியாயம் செய்தவன் பட்ட கடன்தான் பழி. அதை வசூலிப்பதைத்தான் பழிவாங்கல் என்றார்கள். 'பழிகிடத்தல்' என்று இன்னொரு பழைய சொல்லும் இருக்கிறது. நியாயம் கிடைக்கும்வரை அடுத்தவன் வாசலில் விடாமல் கிடப்பது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'பழியஞ்சின படலம்' என்று ஒன்று. ஆலமரத்தில் சிக்கியிருந்த அம்பு விழுந்து ஒரு பார்ப்பனப் பெண் இறந்துபோகிறாள். மரத்துக்கு அந்தப் பக்கம் நிழலுக்கு ஒதுங்கியிருந்த வேடன் மாட்டிக்கொள்கிறான். கையில் வில் இருக்கிறது, போதாதா? அடித்து விசாரிக்கிறார்கள். அவன் செய்யவில்லை என்று காட்ட மதுரைச் சொக்கநாதரே வழி செய்ய வேண்டியிருக்கிறது. படலத்தின் பேரைப் பாருங்கள். பழிக்கு அஞ்சியவன் பாண்டியன். பழியைச் சுமந்து அடிபட்டவன் வேடன். தலைப்பில் அவன் இல்லை.

இன்றைக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால், "பழிவாங்கப் பி.சி.ஆர். கேஸ் போடுறானுங்க" என்கிறார்கள். சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லி, கைதுக்குத் தடைகள் வைத்தது. தலித்துகள் தெருவில் இறங்கிய பிறகே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபரில் நீதிமன்றமும் அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனைக் கொன்று தலையைத் துண்டித்தார்கள். அதற்குச் சாதிமானம் என்று பேர். நம் மனுவுக்கு மட்டும் பழிவாங்கல் என்று பேர்.

இதோடு நிறுத்தினால் நேர்மையாகாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவை விடுவித்தது. 1980 டிசம்பரில் அவர் கொல்லப்பட்டார். அதைப் பழிவாங்கல் என்று எழுதுகிறவர்கள், பன்னிரண்டு வருஷம் வசூலாகாமல் கிடந்த கணக்கையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆனால் எங்கள் திண்டுக்கல் நந்தவனப்பட்டியில் நடந்ததை அப்படி எழுத முடியவில்லை. 2012 ஜனவரி 10 அன்று தேவேந்திரகுல வேளாளர் கூட்டமைப்பின் தலைவர் பசுபதி பாண்டியன் அங்கே கொல்லப்பட்டார். 2021 செப்டம்பர் 22 அன்று, அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஒரு பெண்ணை வெட்டி, தலையை அவர் வாழ்ந்த வீட்டின் முன்னால் வைத்தார்கள். 'பழிக்குப் பழி' என்று பத்திரிகைகள் எழுதின. மேலவளவில் தலையை எடுத்தவனின் பாடத்தைத்தானே இவர்களும் படித்திருக்கிறார்கள்? இதில் யாருக்கு என்ன நியாயம் கிடைத்தது?

வீட்டில் பிணம் விழுந்தவனிடம் போய், பொறுமையாக இரு, கோர்ட்டை நம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோர்ட் என்ன செய்யும் என்பதை வெண்மணி நமக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் அப்பத்தா சொன்னதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பழி செய்தவனிடம் நிற்கும்வரை நாம் கேட்கலாம், ஊரறியக் கேட்கலாம். அரிவாளால் வாங்கிய அன்றைக்கு, அவன் பழி நம் கைக்கு வந்துவிடுகிறது. அவன் பிணத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதாகிறது. நம் பிணத்தைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசுவதில்லை.

ஆகவே தோழர்களே, பழிவாங்கல் அவர்கள் சொல்லாக இருக்கட்டும். நமக்குப் பழிகிடத்தல் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசல், கலெக்டர் ஆபீஸ் வாசல், கோர்ட் வாசல். புகாரோடும் சாட்சியோடும் கிடப்போம். எழுந்திரு என்று சொல்கிறவன் முதலில் கணக்கைத் தீர்க்கட்டும்.