கொல்லாமைக்குக் கூலி தகுமோ?

நோன்பு நாள்களில் கூண்டுப் பறவைகளை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. ஜீவதயையினின்று பிறந்த செயலே அது. ஆயினும் அப்பணத்தைப் பெற்ற வேடன் மறுநாள் என்ன செய்வான்? கண்ணிகளை இன்னும் கூட்டுவான். நாம் ஈந்த பொருள் ஒரு பறவைக்கு விடுதலையும் மற்றொன்றுக்குச் சிறையும் ஆகிவிடுகிறது. எனவே, காட்டுயிர்கள் தங்கும் இடத்தை அழியாது காப்பதற்கென நில உடைமையாளருக்குப் பணம் வழங்குவது அறமாகுமோ என ஒருவர் வினவும்போது, ஆம் என்று உடனே சொல்ல நமக்குத் தயக்கம் உண்டாகிறது. கொல்லாமை என்பது உள்ளத்தால் ஏற்கும் விரதம். அதற்குக் கூலி பேசுவதா?

கருநாடகத்தில் மண்டியா மாவட்டத்து மத்தூர் வட்டத்தில் கொக்கரே பெள்ளூர் என்றொரு சிற்றூர் உண்டு. ஆண்டுதோறும் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் அங்கு வந்து கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவை நாடுவது அடர்காட்டையன்று. வீட்டு முற்றத்திலும் வயலோரத்திலும் நிற்கும் புளியமரங்களையும் ஆல அரச இனத்து மரங்களையுமே. பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகளிராகவே அவ்வூரார் இப்பறவைகளைக் கருதிவந்துள்ளனர். எச்சத்தை வயலுக்கு எருவாக்கிக்கொள்வர். இவற்றை ஓம்புமாறு எந்தச் சட்டமும் அவர்களுக்கு முதலில் கற்பிக்கவில்லை.

ஆனால் மகளை ஓம்புதற்கும் செலவு உண்டன்றோ! கூடுகள் நிறைந்த மரத்தில் புளி உலுக்க இயலாது. எச்சத்தால் காய் கெடும். புளியோ அவ்வுழவர்க்குக் கைக்கு வரும் பணம். இவ்விழப்பைக் கருதியே கருநாடக வனத்துறை மர உடைமையாளர்க்கு ஈட்டுத்தொகை வழங்கத் தொடங்கியது. 2007இல் அவ்விடம் சமுதாயக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

அன்பினால் செய்ததைப் பணம் கெடுத்துவிடாதோ என அன்பர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. நேற்றுவரை விருந்தாக இருந்த பறவையை இன்று குடிக்கூலி தரவேண்டிய குடியாளாக நோக்கும் மனம் உண்டாகக்கூடும். தொகை காலந்தாழ்ந்தால் முகம் சுளிக்கவும் கூடும். இதனை நாம் மறுக்கவில்லை. எனினும், பிறர் உள்ளத்தின் தூய்மையைக் காக்கிறோம் என்று சொல்லி அவர்தம் புளியை இலவசமாக எடுத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை? பிறன் பொருளைக்கொண்டு நாம் செய்யும் தானம் தானமாகாது.

ஈடின்றி ஆணை மட்டும் இடுவதால் விளைவதை அமெரிக்க நாடு கண்டுள்ளது. அங்குத் தென்கிழக்கு மாநிலங்களில் ஒருவகை மரங்கொத்தி, உயிருள்ள முதிர்ந்த பைன் மரத்தைத் தேர்ந்து, பொந்து குடைய ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அதன் வாழிடத்தை அழித்து அதற்குத் தீங்கு விளைவித்தலும் குற்றமாயிற்று. பறவை குடியேறினால் தோப்பு முடங்கும் என அஞ்சிய உடைமையாளர் சிலர், மரம் முதிருமுன்னரே வெட்டிவிட்டனர். வட கரோலினாவில் மரங்கொத்திகளுக்கு அண்மையிலிருந்த தோப்புகளே இவ்வாறு இளமையில் வெட்டுண்ணும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது என 2003இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. கொலையைத் தடுக்க எழுந்த ஆணை, பிறவாத குஞ்சுகளின் கூட்டை முன்கூட்டியே பறித்தது. புதிதாய் வரும் பறவைகளால் மேலும் சுமை ஏறாது என 1995இல் அம்மாநிலத்தில் உறுதியளிக்கப்பட்ட பின்னரே, உடைமையாளர் பலர் அவற்றை வரவேற்க முன்வந்தனர்.

அங்ஙனமாயின் வேடனுக்குத் தரும் பணத்துக்கும் உழவனுக்குத் தரும் பணத்துக்கும் வேறுபாடு யாது? அப்பணத்தை மேலும் விரும்புவோன் என்ன செய்வான் என்று பார்த்தால் போதும். வேடன் மேலும் பறவைகளைப் பிடிப்பான். உழவனோ பழைய மரத்தை வெட்டாது வைப்பான், புதியதும் நடுவான். கோடரியைக் காட்டிப் பணம் கேட்போன் எவனேனும் இருப்பின் அவன் வேடன் பக்கம் சேர்ந்தவனே, அவனுக்கு இடந்தரலாகாது. ஆகவே தொகை, அச்சுறுத்தலுக்கு அன்றி, மரம் நின்றதற்கும் கூடு காக்கப்பட்டதற்குமே அளக்கப்படல் வேண்டும்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் தீவினை நம்மைச் சேரும் என்பதை அறிவோம். வறுமையால் ஒருவர் தம் மரத்தை விற்க, நாம் வாளாவிருத்தல் இவற்றுள் எதில் அடங்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அவ்வூருக்குச் சென்று மரத்தடியில் நின்று, அண்ணாந்து பார்த்து வியந்து மீளும் நம்மனோர், இவ்வாண்டு எவர் வீட்டுப் பானைக்குப் புளி வரவில்லை என்று கேட்பது அரிதாகவே உள்ளது.